சுருங்கும் ‘சேஃப் சோன்’: வீடியோ கேமுக்கு மதிப்பெண் போடுவது யார்?

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. போனில் கேம் விளையாடுவதென்றால் காதில் இயர்போன் போட வேண்டும். பதினைந்து வயது மகன் ‘பிரீ பயர்’ விளையாடுவதை அம்மா தடுக்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதனால் வெடிச்சத்தம் இப்போது மகனின் காதுக்குள் மட்டும்தான் கேட்கிறது. ஆனால் அவன் நண்பர்களைப் பார்த்துக் கத்துவது எல்லோருக்கும் கேட்கிறது.

“சோன் சுருங்குது, சோன் சுருங்குது! கெதியா உள்ளுக்க வாங்கடா!”

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அம்மா கேட்டார்: “அது என்ன தங்கச்சி சுருங்குது?”

நான் விளக்கினேன். பிரீ பயர், பப்ஜி போன்ற விளையாட்டுகளில் பலர் ஒரு தீவில் பரசூட்டில் இறங்குவார்கள். கிடைக்கும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட வேண்டும். வரைபடத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் இருப்பதுதான் ‘சேஃப் சோன்’, பாதுகாப்பு வலயம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். வெளியே நிற்பவரின் உயிர் குறைந்துகொண்டு வரும். இடைக்கிடை குண்டு பொழியும் சிவப்பு வலயமும் வரும். கடைசியில் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் எல்லோரும் நெருக்கப்படுவார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டார்.

இந்த விளையாட்டுகளைப் பற்றி உலகம் நிறையவே எழுதியிருக்கிறது. தொழில்முறை விமர்சகர்கள் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். ரசிகர்கள் இலட்சக்கணக்கில் பதில் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் இடையிலான சண்டை கடந்த பதினைந்து வருடங்களாக ஓயவில்லை. ஆனால் அந்த அம்மாவை எழுந்து போகவைத்தது எதுவோ, அதற்கு இரண்டு பட்டியலிலும் இடம் கிடையாது. விமர்சகர்–ரசிகர் சண்டையை வன்னியிலிருந்து பார்க்க வேண்டிய காரணம் அதுதான்.

மதிப்பெண்ணுக்குப் பின்னால் உள்ள பணம்

தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டை புதிதல்ல. சினிமாவில் தினமும் பார்க்கிறோம். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபோது, முதல் காட்சி முடிந்து வந்தவர்களின் யூடியூப் கருத்துகள் படத்தைக் கவிழ்த்துவிட்டன என்று தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சனல்களை விடக்கூடாது என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்தைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

வீடியோ கேம் உலகில் இந்தச் சண்டையின் மையத்தில் இருப்பது ‘மெட்டாகிரிட்டிக்’ என்ற இணையத்தளம். 2001 இல் ஆரம்பிக்கப்பட்ட இத்தளம் பல ஊடகங்களின் விமர்சனங்களைத் திரட்டி, நூற்றுக்கு ஒரு சராசரி மதிப்பெண்ணாகத் தருகிறது. பக்கத்திலேயே சாதாரண விளையாட்டாளர்கள் பத்துக்குப் போடும் மதிப்பெண்ணையும் காட்டுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சண்டையும் கூடும்.

அந்த எண் வெறும் எண் அல்ல. 2010 இல் வெளியான ‘ஃபோல்அவுட்: நியூ வேகஸ்’ விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் மேலதிகக் கொடுப்பனவு என்று ஒப்பந்தம் இருந்தது. கிடைத்தது 84. ஒரு புள்ளியில் அந்தப் பணம் கைவிட்டுப் போனது.

பணம் இருக்கும் இடத்தில் சந்தேகமும் வரும். 2007 இல் ‘கேம்ஸ்பொட்’ தளத்தின் மூத்த விமர்சகர் ஜெஃப் கேர்ஸ்ட்மன் ஒரு விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அந்த விளையாட்டின் விளம்பரம் அதே தளத்தின் பக்கங்களை நிறைத்திருந்தது. சில நாட்களில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரரின் அழுத்தம் இதன் பின்னால் இருந்தது என்பதை 2012 இல்தான் அவரால் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது. “விமர்சகர்கள் கம்பனிகளின் ஆட்கள்” என்று ரசிகர்கள் சொல்லும்போது அதை முழுக்க வீண்பழி என்று தள்ளிவிட முடியாமல் இருப்பதற்கு இதுபோன்ற சம்பவங்களே காரணம்.

விளையாடாமலே போட்ட சைபர்

ஆனால் ரசிகர் கூட்டம் சொல்வதெல்லாம் சரியும் அல்ல. 2020 ஜூன் 19 அன்று ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் – பாகம் 2’ வெளியானது. விமர்சகர்களின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. ரசிகர்களின் சராசரியோ முதல் நாளே பத்துக்கு நான்கையும் தொடவில்லை. இந்த விளையாட்டை முடிக்கக் குறைந்தது இருபது மணித்தியாலங்களாவது வேண்டும். வெளியாகிச் சில மணித்தியாலங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் சைபர் போட்டிருந்தார்கள் என்றால், அவர்களில் பலர் அதை விளையாடி முடித்திருக்க வாய்ப்பே இல்லை.

என்ன கோபம்? முதல் பாகத்தின் நாயகனான ஜோயல் ஆரம்பத்திலேயே கொல்லப்படுகிறான். அவனுடைய வளர்ப்பு மகளைப் போன்ற எல்லி பழிவாங்கப் புறப்படுகிறாள். நடுவழியில் விளையாட்டு சட்டென்று திரும்பி, ஜோயலைக் கொன்ற பெண்ணாகவே நம்மை விளையாட வைக்கிறது. அவளுடைய அப்பாவை ஜோயல் கொன்றது அப்போதுதான் நம் கண்முன் வருகிறது. யாரை வெறுத்தோமோ அவளை உயிரோடு காப்பாற்றுவது இப்போது நமது வேலையாகிறது. நிறையப் பேரால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கதையின் பகுதிகள் முன்கூட்டியே கசிந்துவிட்டதால் விளையாடாதவர்களும் கோபப்பட்டார்கள். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

விமர்சகர்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. விளையாட்டின் இரண்டாம் பாதியில் நடப்பவற்றை எழுதக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான் அவர்களுக்குப் பிரதி முன்கூட்டியே தரப்பட்டது. அதாவது, எது சர்ச்சையாகப் போகிறதோ அதைப் பற்றி வாய் திறக்காமலே புகழ வேண்டிய நிலை. வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை.

அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக் ஒரு விதியைக் கொண்டுவந்தது. விளையாட்டு வெளியாகி 36 மணித்தியாலங்கள் கழித்துத்தான் பயனர்கள் மதிப்பெண் போடலாம். கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ தளம் வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே விளையாட்டு கணக்கில் உள்ளவர்தான் கருத்து எழுதலாம். எழுதியவர் எத்தனை மணித்தியாலம் விளையாடினார் என்பதும் கருத்தின் மேலேயே தெரியும். இரண்டு மணித்தியாலம் விளையாடியவர் எழுதியது எது, இருநூறு மணித்தியாலம் விளையாடியவர் எழுதியது எது என்று வாசகரே எடைபோட்டுக்கொள்ளலாம். மதிப்பெண்ணை விட எனக்கு இந்தச் சின்ன விபரம் முக்கியமாகப் படுகிறது. பார்த்தவர் எவ்வளவு பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத தீர்ப்புக்குப் பெறுமதி குறைவு.

கூட்டம் சரியாக இருந்த நாள்

ரசிகர்கள் சரியாக இருந்து, விமர்சகர்களுக்குக் கண்ணில் படாமல் போன ஒரு சம்பவமும் உண்டு. அதில் இலங்கையும் இருந்தது.

2024 பெப்ரவரியில் வெளியான ‘ஹெல்டைவர்ஸ் 2’ விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. மே மாத ஆரம்பத்தில், கணினியில் விளையாடுவோர் அனைவரும் சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கட்டாயம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. ஆனால் அந்த வலையமைப்பு சுமார் எழுபது நாடுகளில்தான் உத்தியோகபூர்வமாக இயங்குகிறது. இந்தியா அதில் உண்டு. இலங்கை இல்லை. காசு கொடுத்து வாங்கி, மூன்று மாதம் விளையாடிய ஒரு பொருள் இலங்கை உட்பட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் உள்ளவர்களுக்கு இல்லாமல் போகப் பார்த்தது. சில நாட்களுக்குள் ஸ்டீமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறைக் கருத்துகள் குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பகுதியினர் பாதிக்கப்படாத நாடுகளில் இருந்தவர்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. சோனி பின்வாங்கியது.

நியூயோர்க்கிலோ லண்டனிலோ இருந்து எழுதும் விமர்சகர் பெப்ரவரியில் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். அவருடைய கணக்கு எப்போதும் வேலை செய்யும். நேர்மையானவராக இருந்தாலும், அவர் இருக்கும் இடத்திலிருந்து சில விடயங்கள் தெரியாது. யார் பார்க்கிறார் என்பதோடு எங்கே நின்று பார்க்கிறார் என்பதும் விமர்சனத்தில் சேர்த்தி.

போரை விற்கும்போது

இடம் மாறினால் பார்வை மாறும் என்பது போர் விளையாட்டுகளில்தான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது.

2019 ஒக்டோபரில் ‘கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார்’ வந்தது. விமர்சகர்களின் சராசரி எண்பதை ஒட்டி இருந்தது. ரசிகர்களின் சராசரி ஆரம்ப நாட்களில் பாதாளத்தில் கிடந்தது. கற்பனையான ஒரு நாட்டில் ‘மரண நெடுஞ்சாலை’ என்ற இடத்தைக் காட்டி, அங்கே தப்பியோடியவர்கள் மீது குண்டு போட்டது ரஷ்யர்கள் என்று அந்த விளையாட்டு சொன்னது. உண்மையில் அந்தப் பெயரால் உலகம் அறிந்த வீதி குவைத்திலிருந்து ஈராக்குக்குப் போவது. 1991 பெப்ரவரியில் பின்வாங்கிச் சென்ற ஈராக்கியப் படைகள் மீதும் கூடச் சென்றவர்கள் மீதும் அங்கே குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான படைகள். ரஷ்ய விளையாட்டாளர்கள் கூட்டமாகச் சைபர் போட்டார்கள். அவர்களின் கோபத்தில் தேசியவாதம் கலந்திருந்தது என்பது உண்மை. ஆனாலும் அவர்கள் சுட்டிக்காட்டிய பிழை பிழைதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டிய ஒரு கதை, துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது, காட்சி தத்ரூபமாக இருக்கிறது என்ற கணக்கில் எண்பது புள்ளி எடுக்க முடிந்தது.

இன்னொரு விளையாட்டின் கதை எங்கள் நாட்காட்டியோடு ஒட்டி வருகிறது. 2009 ஏப்ரல் முற்பகுதியில் ஜப்பானிய நிறுவனமான கொனாமி ‘சிக்ஸ் டேய்ஸ் இன் பலூஜா’ என்ற விளையாட்டை அறிவித்தது. 2004 நவம்பரில் ஈராக்கின் பலூஜா நகரில் நடந்த சண்டையை அமெரிக்கப் படையினராக நின்று விளையாடுவது அது. ஈராக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிரித்தானியப் பெற்றோரும் போர் எதிர்ப்பாளர்களும் எதிர்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கொனாமி கைவிட்டது. அதே ஏப்ரலில் புதுமாத்தளனில் மண் அணை உடைந்து சனம் நீரேரியைக் கடந்துகொண்டிருந்தது. ஒரு போரை விளையாட்டாக்கலாமா என்று ஓரிடத்தில் விவாதம் நடந்த அதே நாட்களில், நாங்கள் வேறொரு போருக்குள் இருந்தோம்.

அந்த விளையாட்டு 2021 இல் வேறு நிறுவனத்தால் உயிர்ப்பிக்கப்பட்டது. அமெரிக்க முஸ்லிம் அமைப்பொன்று அதை விற்க வேண்டாமெனப் பெரிய நிறுவனங்களிடம் கேட்டது. பலூஜாவில் அமெரிக்கப் படைகள் வெண்பொஸ்பரஸ் பயன்படுத்தியதை அமெரிக்காவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அது விளையாட்டில் வராது என்று உருவாக்கியவர்கள் பக்கம் சொன்னது. 2023 ஜூனில் முழுமையடையாத வடிவம் விற்பனைக்கு வந்தபோது ஸ்டீமில் விளையாட்டாளர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். ஒவ்வொரு முறை விளையாடும்போதும் வீடுகளின் உள்ளமைப்பு மாறிவிடும் என்பது அதன் சிறப்பம்சம். கதவுக்குப் பின்னால் என்ன என்று தெரியாத பதற்றம் விளையாடுபவருக்குக் கிடைக்கும். அந்தக் கதவு யாருடைய வீட்டுக் கதவு என்பது, படையினராக மட்டும் விளையாட முடிந்த அந்த முதல் வடிவத்தில் கேள்வியே இல்லை.

எதிர்மாதிரியாக, போலந்தின் வார்சோவில் இயங்கும் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ இருக்கிறது. 1992 முதல் 1996 வரையான சரயேவோ முற்றுகையைத் தழுவியது. இதில் நாம் படைவீரர் அல்ல. இடிந்த வீட்டில் ஒதுங்கியிருக்கும் சில பொதுமக்கள். பகலில் சினைப்பருக்குப் பயந்து வெளியே போக முடியாது. இரவில் ஒருவர் போய் சாப்பாடோ மருந்தோ தேடி வரவேண்டும். வயோதிபத் தம்பதியிடம் திருடலாம். திருடினால் நம் ஆட்களே மனமுடைந்து படுத்துவிடுவார்கள். போர் எப்போது முடியும் என்று தெரியாது. அது முடியும் வரை உயிரோடு இருப்பதுதான் வெற்றி.

இந்த விளையாட்டில் விமர்சகர்களும் ரசிகர்களும் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. 2020 இல் போலந்து அரசு இதை உயர்தர மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. 2022 இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபோது, ஒரு வார வருமானத்தை நிறுவனம் உக்ரேனியச் செஞ்சிலுவைக்குக் கொடுத்தது. பங்கரும் அரிசிக் கஞ்சியும் தெரிந்த எவருக்கும் அந்த இருண்ட வீடு அந்நியமாக இருக்காது. போரைப் பற்றிய விளையாட்டே கூடாது என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில். எந்தப் பக்கத்திலிருந்து, யாரைக் கேட்டு, யாருக்காக என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

வன்னியிலிருந்து ஒரு விமர்சனம்

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

2009 ஜனவரியில் அரசாங்கம் சுதந்திரபுரம், உடையார்கட்டு பகுதிகளை உள்ளடக்கி சுமார் 35 சதுர கிலோமீற்றரைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. பெப்ரவரியில் புதுமாத்தளன் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரையான கரையோரத்தில் சுமார் 14 சதுர கிலோமீற்றர். மே மாதம் அது இரண்டு, மூன்று சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. சனத்தைப் போகச் சொன்ன அந்த மூன்று வலயங்களுக்குள்ளும் அரசாங்கம் பெருமளவில் எறிகணை வீசியதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. விளையாட்டில் வட்டத்துக்குள் வந்தவரின் உயிர் வட்டத்தால் குறைவதில்லை. இங்கே உள்ளே வரச் சொல்லித்தான் அடித்தார்கள்.

பப்ஜியை உருவாக்கியவர்கள் எங்களை நினைத்து அந்த வட்டத்தை அமைக்கவில்லை. ஆட்டம் இழுபடாமல் முடிய வேண்டும் என்பதற்கான ஒரு உத்தி அது. விமர்சகர்கள் அந்த உத்தியைப் பாராட்டியதிலும் பிழையில்லை. ஆனால் “சோன் சுருங்குது” என்ற சொல் கிளிநொச்சி வீடொன்றின் விறாந்தையில் விழும்போது அதற்கு வேறு எடை வருகிறது. அதை எழுத இங்கே வாழ்ந்த ஒருவரால்தான் முடியும். யாரும் இதுவரை எங்களிடம் கேட்கவில்லை என்று குறைசொல்லிக்கொண்டிருப்பதை விட, நாங்களே எழுதத் தொடங்கலாம்.

தடை இதற்கு வழியல்ல. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் பிரீ பயரையும் தடைசெய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது நாட்டின் பாதுகாப்பு, தரவுகள் பற்றியது. பிள்ளைகளின் மனம் பற்றியதல்ல. மேலும் பிள்ளைகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த மகனிடம் நான் கேட்டேன், இதில் என்ன இருக்கிறது என்று.

“அக்கா, நான் கனடாவில இருக்கிற மச்சானோட விளையாடுறன். சும்மா கோல் எடுத்தா ரெண்டு பேருக்கும் கதைக்க ஒண்டுமில்ல. இதில ரெண்டு மணித்தியாலம் கதைப்பம்.”

அவர்கள் நேரில் ஒருமுறைதான் சந்தித்திருக்கிறார்கள். போர் பிரித்துப்போட்ட ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள் ஒரு போர் விளையாட்டுக்குள்தான் உறவு கொண்டாடுகிறார்கள். மலிவான போனிலும் ஓடும் இலவச விளையாட்டு என்பதால் இது சாத்தியமாகிறது. இதையும் எந்த விமர்சகரும் மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை. அம்மாவின் மௌனம் எவ்வளவு உண்மையோ இதுவும் அவ்வளவு உண்மை. எங்கள் விமர்சனத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

எங்கள் பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக இருக்கிறது. பத்திரிகைச் செய்தியையும் விளம்பரத்தையும் பகுத்துப் பார்க்கக் கற்கும் மாணவர், தான் தினமும் இரண்டு மணித்தியாலம் இருக்கும் விளையாட்டையும் அப்படிப் பார்க்கலாம். கேள்விகள் எளிதானவை. இந்தக் கதையில் யார் சுடுகிறார்கள், யார் சுடப்படுகிறார்கள்? இந்த வீடுகளில் இருந்த சனம் எங்கே? உண்மையில் நடந்த ஒன்றை எடுத்திருந்தால், செய்தவரின் பெயர் சரியாக இருக்கிறதா? விளையாட்டை முடித்துவிட்டுத்தான் எழுதுகிறாயா? உன் பெயரைப் போடுவாயா?

கடைசி இரண்டும் ரசிகர், விமர்சகர் இருவருக்கும் பொதுவானவை. விளையாடாமல் சைபர் போட்ட கூட்டமும், பாதியை மறைத்துப் புகழ்ந்த விமர்சகரும் தவறிய இடங்கள் அவைதான். முழுக்கப் பார்க்காமலே மற்றவர்கள் தீர்ப்பு எழுதினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பிழையை நாங்கள் ஒரு விளையாட்டுக்குக்கூடச் செய்யக்கூடாது.

அன்று இரவு புறப்படும் முன் மகனிடம் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ பற்றிச் சொன்னேன். போனிலும் கிடைக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதில் சுடுவது குறைவு என்றும் சொன்னேன். அவனுக்குப் பெரிய ஆர்வம் வரவில்லை. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் வாசல் வரை வந்து கேட்டார்.

“அதில கடைசியில அந்தச் சனத்துக்கு என்ன நடக்குது?”

“அது விளையாடுற ஆளைப் பொறுத்தது அக்கா” என்றேன்.

“அப்ப ஒருக்கா போட்டுக் காட்டச் சொல்லு” என்றார். “நானும் பாக்கிறன்.”